நுவரெலியாவின் கிளப்பும் கோல்ஃப் திடலும்: தேயிலை மலையில் உருவான ஒரு துரைமார் சமூகம்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் நுவரெலியா, ஆங்கிலேயரின் கண்ணில் பட்டபோது புல்வெளியும் சதுப்பும் அடர்ந்த காடும் சூழ்ந்த ஒரு மேட்டுச் சமவெளியாகவே இருந்தது. 1819ஆம் ஆண்டில் மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான ஜான் டேவி அவ்விடத்துக்குச் சென்று அதைப் பற்றி எழுதினார்; 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், கடலோர வெப்பத்தில் நோயுற்ற படைவீரர்கள் உடல் தேறுவதற்குரிய இடமாக அதைத் தேர்ந்தெடுத்ததோடு, தமக்கென அங்கு ஒரு மாளிகையையும் கட்டிக்கொண்டார். அம்மாளிகையே பிற்காலத்தில் விரிவாக்கப்பட்டு கிராண்ட் ஹோட்டலாயிற்று. 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் விதைகளையும் கொண்டுவந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அங்கு நிறுவ முயன்றார். அவர் சில ஆண்டுகளில் வெளியேறிவிட்டாலும், குளிர்ந்த மலைமீது தாய்நாட்டின் சாயலில் ஒரு குடியிருப்பை அமைத்துவிடலாம் என்ற எண்ணம் அவரோடு போய்விடவில்லை. அந்த எண்ணம் முழு வடிவம் பெற்ற இடங்கள் என்று கிளப்பையும் கோல்ஃப் திடலையுமே சொல்ல வேண்டும்.

இவ்விரண்டையும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டால் மலைநாட்டின் சமூக வரலாற்றில் பாதி விளங்காமல் போய்விடும். தோட்டத்துரைமார் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அல்லர். காப்பித் தோட்டங்களும் அவற்றுக்குப் பின் வந்த தேயிலைத் தோட்டங்களும் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்புடையவை. ஒரு தோட்டத்தின் பங்களாவுக்கும் அடுத்த தோட்டத்தின் பங்களாவுக்கும் இடையே மலைமுகடுகளும் ஆறுகளும் குறுக்கிட்டன. தோட்டத்தை நிர்வகித்தவர் பெரியதுரை எனவும், அவருக்குக் கீழ் ஒரு பிரிவை மேற்பார்த்த உதவி நிர்வாகி சின்னதுரை எனவும் அழைக்கப்பட்டனர். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளைஞராக வந்து சேர்ந்த சின்னதுரை, விடியுமுன் பிரட்டுக்களத்தில், அதாவது தொழிலாளரை வரிசைப்படுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் திடலில், நின்றாக வேண்டும். பகல் முழுவதும் மலையேறி இறங்கி மேற்பார்வை செய்த பின், மாலையில் தம் மொழியில் பேச ஒருவரும் இல்லாத பங்களாவுக்குத் திரும்ப வேண்டும். முதல் ஒப்பந்தக் காலம் முடியும் வரை திருமணத்துக்கு இசைவளிக்காத கம்பெனிகளும் இருந்தன. இவ்வாறு சிதறிக் கிடந்த தனிமனிதர்கள் ஒரு சமூகமாகத் திரண்டது வாரத்தில் ஒருமுறை கிளப்பில் கூடியதனால்தான்; கிளப் இல்லாவிட்டால் துரைமார் என்ற வகுப்பு இருந்திருக்கும், துரைமார் சமூகம் என்ற ஒன்று இருந்திருக்காது.

நுவரெலியாவின் ஹில் கிளப் 1876ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அக்காலம் மலைநாட்டுப் பொருளாதாரம் தலைகீழாகிக்கொண்டிருந்த காலம் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1869இல் காப்பி இலைகளில் காணப்பட்ட துருநோய் அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் காப்பிப் பயிரையே அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் பறித்தாக வேண்டும். ஆகவே அறுவடை முடிந்ததும் தமிழகத்துக்குத் திரும்பிச் செல்லும் வழக்கமுடைய தொழிலாளர்கள் குடும்பத்தோடு மலையில் தங்கினர். அவர்களை நிர்வகித்த துரைமாரும் ஆண்டு முழுவதும் மலையிலேயே இருக்க நேர்ந்தது. தொடருந்துப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நுவரெலியாவை அடுத்த நானுஓயாவையும் எட்டியது. நிலையாகத் தங்கிய மக்களும் எளிதில் வந்துபோகும் வழியும் ஒருங்கே அமைந்த அந்தப் பத்தாண்டிலேயே கோல்ஃப் அங்கு வந்து சேர்ந்தது தற்செயல் அன்று.

நுவரெலியா கோல்ஃப் கிளப் 1889இல் நிறுவப்பட்டது. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவான கார்டன் ஹைலேண்டர்ஸைச் சேர்ந்தவர்களே அதற்கு வித்திட்டவர்கள் என்பது அந்தக் கிளப்பின் வரலாறு. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1879இல், கொழும்பில் கோல்ஃப் கிளப் ஒன்று தோன்றிக் காலிமுகத் திடலில் ஆடிவந்தது. பின்னர் பொரளைப் பகுதியில் தனக்கென இடம் அமைத்துக்கொண்ட அக்கிளப்புக்கு 1928இல் ராயல் என்ற பட்டம் கிடைத்தது. இரண்டு கிளப்புகளின் பின்னணியிலும் ஸ்காட்லாந்துக்காரரின் செல்வாக்கைக் காணலாம். கோல்ஃப் அவர்களுடைய நாட்டில் மிகப் பழைய ஆட்டம். வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்பதற்காக 1457இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அதற்குத் தடை விதிக்கும் அளவுக்கு அது பரவியிருந்தது. எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்தில் 1744இல் அதற்குப் பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. பதினெட்டுக் குழிகள் என்ற கணக்கு 1764இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் உருவானது. ஆயினும் தோல் உறைக்குள் இறகுகளைத் திணித்துச் செய்த பந்து விலை மிகுந்ததாகவும் ஈரத்தில் விரைவில் கெடுவதாகவும் இருந்தமையால், ஆட்டம் வசதியுடையோரைத் தாண்டி எளிதில் பரவவில்லை. 1848ஐ ஒட்டி மலாயாக் காடுகளின் மரப்பாலான கட்டாபெர்ச்சாவைக் கொண்டு உருட்டிய மலிவான பந்து வந்த பிறகே அது கடல் கடந்து பெருமளவில் பரவியது. மழையும் மூடுபனியும் ஆண்டின் பெரும்பகுதியை ஆளும் நுவரெலியாவில் இறகுப் பந்தைக் கொண்டு ஆடியிருக்கவே முடியாது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் மலைநாட்டில் எவ்வளவு செறிந்திருந்தனர் என்பதைத் தோட்டப் பெயர்களே காட்டுகின்றன. தலவாக்கலைப் பக்கத்து ஹோலிரூட், பூண்டுலோயாப் பக்கத்து டன்சினேன் போன்றவை அவர்கள் தாய்நாட்டு அரண்மனையின் பெயரையும் மலையின் பெயரையும் தாங்கியவை. தமிழ்த் தொழிலாளர்கள் இப்பெயர்களை ஏற்றுக்கொள்ளாமல் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தங்கள் வாய்க்கு வந்த தனிப்பெயர் வைத்து வழங்கினர். ஆள் சேர்ப்பதற்கும் கடிதம் சேர்ப்பதற்கும் அப்பெயர்கள் இன்றியமையாதவையாக இருந்ததால், தோட்டங்களைப் பட்டியலிட்ட ஆங்கிலக் கையேடுகள் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே அச்சிட்டன.

கோல்ஃப் திடல் பரந்த நிலத்தைக் கோருவது. ஆட்டம் தொடங்கும் சிறு மேடான டீயிலிருந்து, புல்லை ஒட்ட வெட்டிய நீண்ட வெளியான ஃபேர்வே வழியாக, குழியைச் சுற்றி மயிர் கத்தரித்தாற்போல் புல் நறுக்கப்பட்ட கிரீன் வரை உள்ள தொலைவு ஒவ்வொரு குழிக்கும் நூற்றுக்கணக்கான கெசம். பதினெட்டுக்கும் சேர்த்து நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். ஸ்காட்லாந்தில் இந்த ஆட்டம் கடலோர மணல்மேட்டில் பிறந்தது. அங்கு ஆடுகள் மேய்ந்தே புல் குட்டையாக இருக்கும், மழைநீர் மணலில் இறங்கிவிடும். நுவரெலியாவிலோ ஊருக்கு நடுவே கிடந்த தாழ்நிலத்திலும் சரிவிலும் சதுப்பை வடித்து, வேர்களைக் கிளறி, புல்லைப் பதியம் வைத்து அந்த நிலத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. சைப்ரஸ், பைன், யூக்கலிப்டஸ் மரங்கள் இருபுறமும் வளர்ந்து ஃபேர்வேக்களைக் குறுக்க, பந்து சற்று விலகினாலும் மரத்தடியிலோ ஓடையிலோ விழும் திடலாக அது அமைந்தது. ஊரின் நடுவே இருந்த மதிப்புமிக்க நிலத்தில் ஒரு பெரும் பகுதி ஒரு விளையாட்டுக்காக ஒதுக்கப்பட்டது என்பதே அந்தச் சிறு சமூகம் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பீட்டுக்குப் போதிய சான்றாகும்.

கோல்ஃப் அச்சமூகத்துக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதற்கு விளையாட்டின் அமைப்பிலேயே விடை உள்ளது. கிரிக்கெட்டுக்கு இருபத்திரண்டு பேர் வேண்டும். ரக்பிக்கு இளமை வேண்டும். கோல்ஃபை இருவர் இருந்தால் ஆடலாம், அறுபது வயதிலும் ஆடலாம். மேலும் அதில் ஹேண்டிகேப் என்ற ஒரு கணக்கு உண்டு: வல்லவருக்கும் புதியவருக்கும் இடையிலுள்ள திறமை வேறுபாட்டை, புதியவரின் அடிகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையைக் கழித்துச் சமப்படுத்தும் ஏற்பாடு அது. இந்த ஏற்பாட்டினால் முந்தைய நாள் பிரட்டுக்களத்தில் பெரியதுரையின் கண்டிப்புக்கு ஆளான சின்னதுரை மறுநாள் அவரோடு சரிநிகராக ஆடி வெல்லவும் முடிந்தது. பதவியால் கூர்மையாகப் பிரிக்கப்பட்ட ஓர் இனக்குழுவுக்குள் சில மணி நேரச் சமத்துவத்தை விதியாகவே எழுதிவைத்த ஆட்டம் என்பதால்தான், திடலில் நிகழ்ந்த அறிமுகங்கள் வேலை மாற்றத்துக்கும் பதவி உயர்வுக்கும் திருமண உறவுக்கும் வழி திறந்தன. அந்தச் சமத்துவத்தின் எல்லை மிகக் குறுகியது என்பதையும் உடனே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஹில் கிளப் இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னும் பல ஆண்டுகள் ஐரோப்பியருக்கு மட்டுமே உறுப்புரிமை அளித்தது, ஐரோப்பியப் பெண்களுக்கும் ஆண்கள் மதுக்கூடத்தில் இடமில்லை.

நுவரெலியாவின் சமூக நாட்காட்டியின் உச்சம் ஏப்ரல். சமவெளியில் வெப்பம் தாங்க முடியாததாகும் அம்மாதத்தில் ஆளுநரும் உயர் அலுவலரும் கொழும்பு வணிகரும் குடும்பத்தோடு மலையேறினர். சீசன் என்றே வழங்கிய அவ்வாரங்களில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, டென்னிஸ், நடன விருந்து, 1873இல் ஆளுநர் வில்லியம் கிரெகரி உருவாக்கிய ஏரியில் படகுப் பயணம் என ஒன்றையடுத்து ஒன்றாக நிகழ்ச்சிகள் அடுக்கப்பட்டன. 1934 முதல் மகாகஸ்தோட்டைத் தேயிலைச் சரிவில் மோட்டார் வாகன மலையேற்றப் பந்தயமும் அவற்றோடு சேர்ந்தது. கோல்ஃப் போட்டிகளில் கொழும்புக்காரரும் மலைநாட்டுக்காரரும் மோதினர். இலங்கை சிவில் சேவையில் 1904 முதல் 1911 வரை பணியாற்றிய லெனர்ட் வுல்ஃப், பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில், மாலை டென்னிஸும் அதையடுத்த கிளப் அரட்டையும் வெள்ளையர் வாழ்வில் எத்தகைய கட்டாயச் சடங்காக இருந்தன என்பதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வர விருப்பமில்லாதவரும் வந்தாக வேண்டும், வராதவர் ஐயத்துக்குரியவர்.

பாக்கு நீரிணைக்கு இப்பால் இருந்த மலைகளிலும் இதே வடிவத்தைக் காணலாம். கொடைக்கானலில் கோல்ஃப் கிளப் 1895இலும், மூணாறில் ஹை ரேஞ்ச் கிளப் 1909இலும் தோன்றின; மூணாறுக் கிளப்பின் ஆண்கள் மதுக்கூடச் சுவரில் முப்பதாண்டுச் சேவை முடித்த தோட்டத்துரைமாரின் தொப்பிகள் இன்றும் மாட்டப்பட்டிருக்கின்றன.

இனி அந்தத் திடலைத் திடலாக வைத்திருந்தவர்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும். புல் தானாகக் குட்டையாவதில்லை. மழைநாட்டில் ஒரு வாரம் விட்டால் கிரீன் மேய்ச்சல் நிலமாகிவிடும். இயந்திரங்கள் வருமுன் அரிவாளும் உருளையும் கைகளுமே அவ்வேலையைச் செய்தன. பந்தடித்த இடத்தில் பெயர்ந்த புற்கரணையைத் தேடி எடுத்து மீண்டும் பதித்து மிதிப்பதும், கட்டைகள் அடங்கிய பாரமான பையைச் சுமந்து ஆட்டக்காரருக்கு முன்னே நடப்பதும், பன்னப் புதரிலும் ஓடையிலும் விழுந்த பந்தைப் பார்வையாலேயே குறிவைத்துக் கண்டெடுப்பதும் கேடி எனப்பட்ட சுமையாளரின் வேலை. திடலின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும், எந்தச் சரிவில் பந்து எப்பக்கம் ஓடும் என்பதையும் ஆட்டக்காரரைவிட நன்கு அறிந்தவர்கள் அவர்களே. ஆயினும் கிளப்புகளின் சுவர்களில் தொங்கும் வெற்றிப் பலகைகளில் பொன்னெழுத்தில் பெயர் ஏறியவர்கள் ஆட்டக்காரர் மட்டுமே. இது ஒரு பெரிய இழப்பு. அந்த நிலத்தைப் பற்றிய மிக நுட்பமான அறிவு எழுதப்படாமலேயே மறைந்துவிட்டது.

துரைமார் தமிழ் கற்றனர் என்பது உண்மை. தொழிலாளர் மொழி தெரியாமல் தோட்டத்தை நடத்த இயலாது. ஆகவே சின்னதுரைமாருக்கென்றே சட்டைப்பையில் அடங்கும் தமிழ்க் கையேடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சாயின. அவற்றுள் ஏ.எம். ஃபெர்குசன் எழுதிய ஒன்றின் தலைப்பே 'இங்கே வா' என்பது. ஏவலுக்கும் கணக்குக்கும் வேண்டிய அளவோடு அந்தத் தமிழ் நின்றுவிட்டது. கிளப்புக்குள் அது சமையல்காரரையும் பணியாளரையும் அழைக்கவே பயன்பட்டது.

அதே மலைகளில் இன்னொரு சமூகமும் தன் நாட்காட்டியோடு வாழ்ந்துகொண்டிருந்தது. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணி, அதாவது ஆள் திரட்டிவந்து மேற்பார்க்கும் தலைவன், அழைத்துவந்த குடும்பங்கள், வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட ஒற்றை அறை வீடுகளான லயங்களில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுடைய கூடுமிடம் மாரியம்மன் கோவிலும் பிரட்டுக்களமும். மாசி மாதத்தில் மூன்றாம் பிறை தொடங்கிப் பௌர்ணமி வரை நிகழும் காமன் கூத்து அவர்களுடைய தலையாய கொண்டாட்டம்: காமன் கம்பம் ஊன்றப்பட்டு, தப்பின் அதிர்வுக்கு ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடிவந்து, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிக்கப்பட்டு, ரதியின் புலம்பலில் தோட்டமே கண் விழித்திருக்கும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும் ஆடப்பட்டன. துரை சில வேளைகளில் நன்கொடை தந்து நாற்காலியில் அமர்ந்து சற்று நேரம் பார்த்துச் செல்வதுண்டு. கிளப் சிதறிக் கிடந்த துரைமாரைச் சமூகமாக்கியதைப் போலவே, கப்பலேறிய ஊரும் சாதியும் மாவட்டமும் வெவ்வேறாக இருந்த மக்களை மலையகத் தமிழர் என்ற ஒரு சமூகமாக்கியதில் இந்தக் கூத்துகளுக்குப் பெரும் பங்குண்டு. கலைமதிப்பில் சீசன் நடனங்களைவிட இவை எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

இரு சமூகங்களுக்கும் இடையிலிருந்த வேலி வெறும் வழக்கம் மட்டும் அன்று. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அத்துமீறிப் புகுதல் குறித்த சட்டம் வெளியாரைத் தடுத்தது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து மலையகத்தில் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யர், தொழிலாளரைச் சந்திக்கத் துணி விற்பவராக வேடமிட்டு லயங்களுக்குள் நுழைய வேண்டியிருந்தது. வேலியின் உட்பக்கத்திலிருந்து அதைத் தாண்டியவருக்கு நேர்ந்ததை 1937ஆம் ஆண்டின் பிரேஸ்கர்டில் நிகழ்ச்சி காட்டுகிறது. மடுல்கலைப் பகுதி ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னதுரையாகப் பயிற்சி பெறவந்த மார்க் பிரேஸ்கர்டில் தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலை இழந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த தொழிலாளர் கூட்டமொன்றில் மேடையேறித் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசினார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறுமாறு ஆளுநர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் ஆணையிட்டார். பிரேஸ்கர்டில் தலைமறைவாகி, பின் கைதாகி, உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். ஒரு வெள்ளை இளைஞன் கூட்டமேடை ஏறியதற்கே இத்தனை சீற்றம் எழுந்தது என்றால், வாரந்தோறும் கிளப்பில் கூடிப் பேணப்பட்ட ஒற்றுமையின் உண்மையான பயன் எதுவென்பது தெளிவாகிறது.

1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நீலகிரியில் 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம், அவ்வாறு திரும்பியோருக்கு மீண்டும் அதே கொழுந்துக் கூடையைக் கொடுத்தது. இலங்கையின் தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த ஆங்கிலத் துரைமார் வெளியேறினர். அரசுக் கூட்டுத்தாபனங்களின் கீழ்த் தோட்ட நிர்வாகிகளாக அமர்ந்த சிங்களவரும் பறங்கியரும் தமிழரும் பங்களாக்களோடு கிளப்புகளையும் திடல்களையும் பெற்றுக்கொண்டனர். இனத்தின் பெயரால் இருந்த தடை அகன்றது. பதவியின் பெயரால் இருந்த தடை நீடித்தது. ஹில் கிளப்பில் மாலை உணவுக்குக் கோட்டும் டையும் அணிய வேண்டும் என்ற விதியும் தொடர்ந்தது. திடலுக்கு மேலுள்ள சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் குடியுரிமை கிடைக்காமல் எஞ்சியிருந்தவர்களுக்கு, 2003இல் நிறைவேறிய சட்டத்தின் வழியாகவே அது வந்து சேர்ந்தது.